கணிதக் கற்பித்தல் மென்பொருளில் ஆயத்தொலைக் கட்டக்காட்சி: பூலாம்பாடிச் சூழலை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணிதக் கற்பித்தல் மென்பொருள்களில் ஆயத்தொலைத் தளத்தின்மீது கட்டக்கோடுகளைக் காட்டும் வசதி, கற்போருக்கு உதவும் எளிய துணைக்கருவியாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. அக்காட்சி வெறும் துணைக்கருவி அன்று. எதை அளப்பது, எங்கே புள்ளி வைப்பது, எதை மெய்யென நம்புவது என்பவற்றை அது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்களின் இணையச் செயல்பாடுகளில் இடம்பெறும் ஜியோஜீப்ரா மென்பொருள் இங்கு முதன்மைச் சான்றாகிறது. பெரம்பலூர் மாவட்டப் பூலாம்பாடி போன்றதோர் ஊரின் மாணவர் தம் சூழலிலிருந்து கொண்டுவரும் புள்ளிக்கோலம், பயிர்வரிசை, நில அளவை ஆகிய கட்ட அறிவுகளோடு அக்காட்சி ஒப்பிடப்படுகிறது.

கருச்சொற்கள்: ஆயத்தொலை, கட்டக்கோடு, ஜியோஜீப்ரா, புள்ளிக்கோலம், அளவுத்திட்டம், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

ரெனே தெக்கார்த்தே 1637இல் வெளியிட்ட வடிவியல் நூலே ஆயத்தொலை வடிவியலின் தொடக்கமாகக் கூறப்படுகிறது. அந்நூலில் இன்றைய வரைபடத்தாளைப் போன்ற கட்டங்கள் இல்லை. குறையெண் ஆயத்தொலைகளும் இல்லை. கட்டமிட்ட தாள் அச்சாகி விற்பனைக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். எனவே ஆயத்தொலை என்ற கருத்து முந்தியது, கட்டம் என்ற காட்சி பிந்தியது. இன்றைய வகுப்பறையில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது. மாணவர் முதலில் காண்பது கட்டத்தை. ஆயத்தொலையை அதன் பிறகே அறிகிறார்.

தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் நடைமுறைக்கு வந்தன. விரைவுக்குறியீடுகளும் இணையச் செயல்பாடுகளும் அவற்றின் புதுமைக்கூறுகள். ஒன்பதாம் வகுப்புக் கணிதநூலின் ஐந்தாம் இயல் ஆயத்தொலை வடிவியல். பத்தாம் வகுப்பிலும் அதே தலைப்பு ஐந்தாம் இயலாகத் தொடர்கிறது. கணிதநூல்களின் இணையச் செயல்பாடுகளுக்குப் பெரிதும் பயன்படுவது ஜியோஜீப்ரா. சால்சுபர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் தம் முதுகலை ஆய்வுக்காக இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது அது. ஒரு பொருளின் சமன்பாட்டையும் வடிவத்தையும் அருகருகே காட்டி, ஒன்றை மாற்றினால் மற்றொன்றும் மாறும்படி இணைத்தமையே அதன் சிறப்பு.

அம்மென்பொருளில் அச்சுகளைக் காட்டவும் மறைக்கவும், கட்டக்கோடுகளைக் காட்டவும் மறைக்கவும் வசதி உண்டு. பெருங்கோடுகள் மட்டும், பெருங்கோடுகளுடன் சிறுகோடுகள், வட்டமுறைக் கட்டம், முக்கோணக் கட்டம் எனக் கட்டங்களும் பலவகை. வரைபடத்துக்கான செயலி கட்டக்கோடுகளுடன் திறக்கிறது. வடிவியலுக்கான செயலி அவை இன்றித் திறக்கிறது. ஒரே நிறுவனத்தின் இருவேறு செயலிகள் இருவேறு தொடக்கநிலைகளைத் தேர்ந்தெடுத்திருப்பதிலிருந்தே, கட்டக்காட்சி என்பது ஒரு கற்பித்தல் முடிவு என்பது பெறப்படும். அம்முடிவின் விளைவுகளை இனிக் காணலாம்.

கட்டமும் வெட்டுப்புள்ளியும்

முதற்சிக்கல் சொல்லில் தொடங்குகிறது. ‘கட்டம்’ என்று தமிழில் சொன்னவுடன் நினைவுக்கு வருவது நான்கு கோடுகளுக்கு இடைப்பட்ட வெளி. தாயக்கட்டம், சாதகக் கட்டம், கட்டம் போட்ட துணி ஆகிய வழக்குகள் எல்லாம் அவ்வெளியையே சுட்டுகின்றன. சதுரங்கத்தில் காய் நிற்பது கட்டத்துக்குள். கணினி விரிதாளில் எழுத்தும் எண்ணும் சேர்ந்து பெயரிடுவதும் ஒரு கட்டத்தையே. ஆயத்தொலைத் தளத்திலோ (3, 2) என்பது எந்தக் கட்டத்தின் பெயரும் அன்று. இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தின் பெயர் அது.

மாணவர் செய்யும் ஒரு வழக்கமான பிழைக்கு இவ்வேறுபாடு விளக்கம் தருகிறது. ஆதிப்புள்ளியை ஒட்டிய முதற்கட்டத்தை ‘ஒன்று’ என எண்ணி, மூன்றாம் கட்டத்தின் நடுவில் புள்ளி வைப்பவர் கவனக்குறைவால் அவ்வாறு செய்யவில்லை. தாயத்திலும் சதுரங்கத்திலும் பழகிய முறையை இங்கும் கையாள்கிறார். வெட்டுப்புள்ளியில் காய் வைக்கும் விளையாட்டும் தமிழ்ச் சூழலில் உண்டு. ஆடுபுலி ஆட்டத்தில் ஆடும் புலியும் நிற்பவை கோடுகள் கூடும் இடங்களிலேயே. ஆயத்தொலையை அறிமுகம் செய்ய ஆசிரியருக்கு ஆடுபுலி ஆட்டம் பொருந்திய முன்மாதிரி. சதுரங்கம் பொருந்தாத முன்மாதிரி. பாடநூல்களிலும் மென்பொருள் மொழிபெயர்ப்பிலும் இவ்விரண்டும் பிரித்தறியப்படாமல் ‘கட்டம்’ என்ற ஒரே சொல் கோட்டையும், வெளியையும், கோடுகளின் முழுத்தொகுதியையும் குறிக்குமானால் குழப்பம் நீடிக்கும். வெளியைக் ‘கட்டம்’ எனவும், கோட்டைக் ‘கட்டக்கோடு’ எனவும், கோடுகள் கூடும் இடத்தை ‘வெட்டுப்புள்ளி’ எனவும் வரையறுத்துக்கொள்வது தேவை.

‘ஆயத்தொலை’ என்ற கலைச்சொல்லும் சிந்தனைக்குரியது. அச்சொல்லில் ‘தொலை’ வெளிப்படையாக நிற்கிறது. அச்சிலிருந்து புள்ளி எவ்வளவு தொலைவில் உள்ளது என்ற பொருள் எளிதில் விளங்குகிறது. ஆனால் தொலைவு குறையெண்ணாக இராது. (-3, 2) என்ற புள்ளியைக் காணும் மாணவருக்குக் ‘குறை மூன்று தொலைவு’ என்பது இடர்ப்பாடே. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் ‘ஆள்கூறு’ என்ற சொல்லில் இச்சிக்கல் இல்லை. தொலைவு என்ற உடனடிப் பொருள் விளக்கமும் அதில் இல்லை. எச்சொல்லைக் கையாண்டாலும் திசையைத் தனியே கற்பிக்க வேண்டியுள்ளது. கட்டக்காட்சி அப்பணியைச் செய்வதில்லை. ஆதிப்புள்ளிக்கு இடப்புறமும் வலப்புறமும் கட்டங்கள் ஒன்றுபோலவே தோன்றுவதால், திசை வேறுபாட்டை எண்குறிகள் மட்டுமே தாங்குகின்றன.

கட்டமின்றி ஆயத்தொலை: நில அளவையின் சான்று

பூலாம்பாடி, பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலைத் தொடருக்கு அருகில் உள்ள பேரூராட்சி. புவிப்படத்தில் 11, 12 பாகை வடக்குக் கோடுகளுக்கும் 78, 79 பாகை கிழக்குக் கோடுகளுக்கும் இடைப்பட்ட கட்டத்துள் அது அடங்கும். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற மாவட்டம் என்பதால், நிலமும் நில ஆவணமும் இங்குள்ள பல வீடுகளில் அன்றாடப் பேச்சு.

எஃப்.எம்.பி. என வழங்கும் புல வரைபடத்தில் ஒரு நிலம் வரையப்படும் முறை கவனத்துக்குரியது. தமிழ்நாட்டில் வழங்கிவந்த மூலைவிட்ட, செங்குத்து அளவை முறையில், நிலம் முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டு ஓர் அடிக்கோடு தேர்ந்தெடுக்கப்படும். அக்கோட்டின்மீது இவ்வளவு தொலைவு சென்று, அங்கிருந்து செங்குத்தாக இடப்புறமோ வலப்புறமோ இவ்வளவு தொலைவில் எல்லையின் வளைவு உள்ளது எனக் குறிப்பர். அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 லிங்க். ஓர் ஏக்கர் 1,00,000 சதுர லிங்க் ஆவதால், ஒரு சென்ட் 1,000 சதுர லிங்க் ஆகும்.

இது ஆயத்தொலை முறையே. அடிக்கோடு ஓர் அச்சு; செங்குத்துத் தொலைவு மற்றோர் ஆயத்தொலை; இடம், வலம் என்பவை குறியின் வேலையைச் செய்கின்றன. நிலத்தில் எங்கும் கட்டம் வரையப்படவில்லை. அளப்பவர் தமக்கு வசதியான அடிக்கோட்டைத் தேர்ந்து, அதன்மீதே தம் ஆயத்தொலைத் தளத்தை அமைத்துக்கொள்கிறார். அச்சு இயற்கையில் கிடப்பதன்று, மனிதர் தேர்ந்துகொள்வது என்ற அடிப்படை உண்மை இம்முறையில் தெளிவாகத் தெரிகிறது. திறந்தவுடன் அச்சும் கட்டமும் ஆயத்தமாக நிற்கும் திரையில் அவ்வுண்மை மறைந்துபோகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குத் தம் குடும்பத்தின் புல வரைபடத்தையே முதற்பாடமாகக் காட்ட இயலும். கட்டக்காட்சி அதன் பின்னர் வருதலே முறை.

காட்சி கட்டளையாதல்

இரண்டாம் சிக்கல் மென்பொருளின் இயக்கத்தில் உள்ளது. ஜியோஜீப்ராவில் புள்ளி ஈர்ப்புக்கெனத் தனி அமைப்பு உண்டு. அது தானியங்கி நிலையில் இருக்கும்போது, அச்சோ கட்டக்கோடோ திரையில் தெரிந்தால், வெட்டுப்புள்ளிக்கு மிக அருகில் வரும் புள்ளி அவ்விடத்துக்கே இழுக்கப்படும். கட்டத்துடன் பிணைக்கும் நிலையைத் தேர்ந்தால் புள்ளி வெட்டுப்புள்ளிகளில் மட்டுமே நிற்கும். தானியங்கி நிலையில் ‘காட்டு’ என்ற பொத்தான் காட்டுவதோடு நின்றுவிடாமல், புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதிலும் தலையிடுகிறது. அதை அழுத்தும் மாணவருக்கு இது அறிவிக்கப்படுவதில்லை.

பிணைப்பின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். சதுரக் கட்டத்தின் வெட்டுப்புள்ளிகளை மட்டும் முனைகளாகக் கொண்டு சமபக்க முக்கோணம் வரைய முடியாது. காரணம் பத்தாம் வகுப்பு எல்லைக்குள்ளேயே உள்ளது. முனைகளின் ஆயத்தொலைகள் முழுக்களாயின், முக்கோணத்தின் பரப்பு வாய்பாட்டின்படி ஒரு முழுவின் பாதியாகவே அமையும். அஃதாவது விகிதமுறு எண். பக்கத்தின் வர்க்கமும் முழுவே. சமபக்க முக்கோணத்தின் பரப்போ அவ்வர்க்கத்தை √3/4ஆல் பெருக்கக் கிடைப்பது. அது விகிதமுறா எண். இரண்டும் ஒருங்கே மெய்யாக இயலாது. கட்டத்தை எவ்வளவு நுண்ணியதாக்கினாலும் இதே முடிவுதான். பிணைப்பு நிலையில் பயிலும் மாணவர் எத்தனை முறை முயன்றாலும் தோற்பார். தோல்விக்குத் தம் கையையே காரணமாக நினைப்பார். ஆசிரியர் இதை அறிந்திருந்தால் அத்தோல்வியே √3 பற்றிய சிறந்த பாடமாகும். அறியாவிட்டால் மென்பொருளின் வரம்பு மாணவரின் வரம்பாகிவிடும்.

கண் நம்புவதும் கணக்கு மறுப்பதும்

கட்டக்கோடுகள் கண்ணுக்கு அளவுமீறிய நம்பிக்கையைத் தருகின்றன என்பது மூன்றாம் சிக்கல். (0, 0), (5, 2), (13, 5) ஆகிய மூன்று புள்ளிகளைக் கட்டக்காட்சியுடன் குறித்துப் பார்த்தால் அவை ஒரே கோட்டில் அமைந்தவையாகவே தோன்றும். முதல் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வு 2/5, அதாவது 0.4. அடுத்த இரண்டின் சாய்வு 3/8, அதாவது 0.375. மூன்றும் அமைக்கும் முக்கோணத்தின் பரப்பு சுழியன்று. அரைச் சதுர அலகு. நடுப்புள்ளி மற்ற இரண்டையும் இணைக்கும் கோட்டிலிருந்து விலகியிருப்பது ஏறத்தாழ 0.07 அலகு மட்டுமே. கைப்பேசித் திரையில் அவ்விலகல் கோட்டின் தடிமனுக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒருகோட்டமைவைச் சோதிக்கும் வாய்பாடு எதற்கு என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. ஆனால் இணையச் செயல்பாடுகளின் பொதுவான போக்கு வேறு. இணைப்பைத் திறத்தல், ஆயத்தப் பணித்தாளைக் காணுதல், நழுவலை நகர்த்துதல் அல்லது பொத்தானை அழுத்துதல், மாற்றத்தை உற்றுநோக்குதல் என்ற வரிசையிலேயே அவை பெரும்பாலும் அமைகின்றன. ‘உற்றுநோக்கி உறுதிசெய்க’ என்னும் இம்முறை கண்ணைச் சான்றாக்குகிறது. கண் தவறும் இடத்தைக் காட்டும் செயல்பாடே கணிதத்துக்கு நெருக்கமானது. கட்டக்காட்சியுடன் முதலில் ஊகிக்கச் செய்து, பின் கணக்கிடச் செய்து, இரண்டும் முரண்படும் தருணத்தை வேண்டுமென்றே உண்டாக்கும் பணித்தாள்கள் அரியனவாக இருப்பது குறையே.

அளவுத்திட்டம் என்னும் இழப்பு

திரையைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் கட்டக்கோடுகளின் இடைவெளியை ஜியோஜீப்ரா தானே மாற்றிக்கொள்கிறது. ஒரு கட்டம் சற்றுமுன் 1 அலகாக இருந்தது. இப்போது 2 அலகு. பின்னர் 5 அலகு. எண்களைப் பாராமல் கட்டங்களை எண்ணும் மாணவர் பிழையான விடைக்கு வருவார். இரு அச்சுகளின் விகிதம் மாற்றப்பட்டால் வட்டம் நீள்வட்டமாகத் தோன்றும். சாய்வுகளின் பெருக்கற்பலன் -1 ஆகும் கோடுகள்கூடச் செங்குத்தாகத் தோன்றமாட்டா.

வயலில் இச்சிக்கல் புதியதன்று. வீரிய மக்காச்சோளத்துக்கு வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. இடைவெளி பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு செடியிலிருந்து 3 வரிசை தள்ளி, 4 செடி முன்னே உள்ள மற்றொரு செடிக்கு நேர்த்தொலைவு எவ்வளவு? கட்டங்களை மட்டும் எண்ணினால் விடை 5. அலகைக் கணக்கில் கொண்டால் 180 செ.மீ., 100 செ.மீ. ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். விடை ஏறத்தாழ 206 செ.மீ. உழவர் வீட்டு மாணவர் வரிசையும் செடியும் வெவ்வேறு இடைவெளி உடையவை என்பதை முன்பே அறிந்திருக்கிறார். சமக்கட்டத் திரை அவ்வறிவை அழைப்பதில்லை.

இவ்விழப்பு தேர்வையும் தொடுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணிதத்தாளில் வரைபட வினாவுக்கு 8 மதிப்பெண். அங்கு மாணவர் அட்டவணையிலிருந்து தாமே அளவுத்திட்டத்தைத் தேர்ந்து, வரைபடத்தாளின் மூலையில் அதை எழுதி, அச்சுகளை வரைய வேண்டும். மதிப்புகள் தாளுக்குள் அடங்குமா, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலகு என்ற முடிவுகள் முழுவதும் அவருடையவை. மென்பொருள் இம்முடிவுகள் அனைத்தையும் தானே எடுத்துவிடுவதால், திரையில் மட்டும் பழகியவர் தாளின்முன் தடுமாறுவார். தனிப்பயிற்சிக்கு வாய்ப்புள்ள நகர மாணவர் இக்குறையை வேறு வழியில் ஈடுசெய்துகொள்ளலாம். பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தையும் வகுப்பறையையும் மட்டுமே நம்பியிருக்கும் சிற்றூர் மாணவருக்கு அவ்வழி குறைவு.

புள்ளிக்கோலம் காட்டும் மாற்றுக் கட்டம்

சதுரக் கட்டம் ஒன்றே கட்டம் என்ற எண்ணத்தையும் வாசற்கோலம் மறுக்கிறது. நேர்ப்புள்ளிக் கோலத்தில் புள்ளிகள் நிரைநிரையாக நேருக்கு நேர் நிற்கும். இடுக்குப்புள்ளிக் கோலத்தில் ஒரு நிரையின் புள்ளிகள் அடுத்த நிரையின் இடைவெளிகளுக்கு நேரே அமையும். முன்னது சதுரக் கட்டம். பின்னது முக்கோணக் கட்டம். ‘15 புள்ளி, 8 முடிய, இடுக்குப்புள்ளி’ என்ற குறிப்பு ஒரு முழுமையான கட்ட வரையறை. நடுநிரையில் 15, அதன் இருபுறமும் 14 தொடங்கி 8 வரை எனக் கூட்டினால் 169 புள்ளிகள். பக்கத்துக்கு 8 புள்ளி கொண்ட அறுகோணம் கிடைக்கிறது. சதுரக் கட்டத்தில் கிட்டாத சமபக்க முக்கோணம் இங்கு அண்டைப் புள்ளிகள் மூன்றிலேயே கிட்டுகிறது.

கோலத்தின் இக்கணிதம் ஆய்வுலகு அறியாததன்று. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட கட்டுரை, அணி இலக்கணங்கள் வழியே கோலங்களை விவரித்துக் கணினி அறிவியலில் ஒரு துறைக்கு வழிவகுத்தது. ஜியோஜீப்ராவில் முக்கோணக் கட்டமும் உள்ளது. ஆய்வும் கருவியும் வழக்கும் மூன்றும் கைவசம் இருக்க, அவற்றை இணைக்கும் பணித்தாளே வேண்டப்படுகிறது. மேலும், சிக்குக்கோலத்தில் கம்பி புள்ளிகளைத் தொடாமல் சுற்றிச் செல்கிறது. புள்ளிகள் வழிகாட்டும்; கோடு அவற்றுக்கு அடிமைப்படாது. புள்ளியை வெட்டிடத்தோடு பிணைக்கும் மென்பொருள் அமைப்புக்கு நேர்மாறான கட்டப்பயன்பாடு இது.

மறுப்புரையும் மதிப்பீடும்

கட்டக்காட்சியே வேண்டா என்பது இக்கட்டுரையின் முடிவன்று. புள்ளியின் ஆயத்தொலையைப் படித்தறியவும், சாய்வை ‘இத்தனை குறுக்கே, இத்தனை மேலே’ என உணரவும், பரப்பை ஊகிக்கவும் கட்டக்கோடுகள் பெருந்துணை. ஸ்கிராட்ச் மென்பொருள் இதில் நல்லதொரு சமநிலையைக் கொண்டுள்ளது. அதன் மேடை 480 அலகு அகலமும் 360 அலகு உயரமும் உடையது, நடுவிடமே ஆதிப்புள்ளி. ஆயத்தொலைக் கட்டம் அங்குப் பின்னணிப் படங்களுள் ஒன்று மட்டுமே. வேண்டும்போது விரிக்கலாம், வேண்டாதபோது நீக்கலாம். விரித்தாலும் உருவங்களின் இயக்கத்தில் அது தலையிடாது. 1967இல் லோகோ மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவரான செய்மோர் பேப்பர்ட்டின் ஆமை வடிவியலோ கட்டமே இன்றி, முன்னே செல்லுதல், திரும்புதல் என்ற உடலியக்கத்தால் வடிவத்தைக் கட்டியது. காட்சியையும் கட்டுப்பாட்டையும் பிரித்து வைக்க இயலும் என்பதற்கு இவை சான்றுகள்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. கட்டக்கோடுகளைக் காட்டுவதும் புள்ளியைக் கட்டத்துடன் பிணைப்பதும் தனித்தனிப் பொத்தான்களாக, தனித்தனித் தமிழ்ப் பெயர்களுடன் அமைய வேண்டும். ஒரு கட்டத்தின் அலகு எவ்வளவு என்பது திரையின் மூலையில் எப்போதும் எழுத்தில் நிற்க வேண்டும். கற்போர் அளவுத்திட்டத்தைத் தாமே தேரும் நிலையும் இருக்க வேண்டும். பணித்தாள்கள் கட்டமில்லாத தளத்தில் தொடங்கி, மாணவர் அடிக்கோடும் அலகும் தேர்ந்த பின்னரே கட்டத்தைக் காட்டுதல் தக்கது. கட்டம், கட்டக்கோடு, வெட்டுப்புள்ளி ஆகிய சொற்கள் பாடநூலிலும் மென்பொருளிலும் ஒரே பொருளில் வழங்க வேண்டும். சதுரக் கட்டத்தோடு இடுக்குப்புள்ளிக் கட்டமும் பாடத்தில் இடம்பெற வேண்டும்.

பூலாம்பாடி மாணவர் வகுப்பறைக்குள் வரும்போது கட்டத்தை அறியாதவராக வருவதில்லை. வாசலில் புள்ளி வைக்கப்படுவதையும், வயலில் வரிசை பிடிக்கப்படுவதையும், நிலம் அளக்கப்படுவதையும் காணும் சூழலிலிருந்து வருகிறார். அம்மூன்றிலும் கட்டத்தை அமைப்பவர் மனிதரே. மென்பொருளிலும் அவ்வுரிமை மாணவரிடமே இருத்தல் வேண்டும்.